சீருடைக்காரர் கடைக்கு வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் போகும் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். ரயில், விமான டிக்கெட் போடுவது, ஆன்லைன் விண்ணப்பங்கள், பென்ஷன்காரர்களுக்கு லைஃப் சர்டிபிகேட் எடுப்பது, இதுதான் தினசரி வேலை. எங்கள் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் போகாத தெரு அபூர்வம். பக்கத்தில் இருக்கும் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் இப்போதும் பணியில் இருக்கிறார்.

அதனால் இரண்டு பக்கத்துக் கேள்விகளும் என்னிடம் வருகின்றன. பட்டாளத்து வீடுகளில் இருந்து, "எங்களுக்கு என்ன உரிமை, கடைக்காரர் ஏன் மறுக்கிறார்" என்று கேட்கிறார்கள். கடை, ஓட்டல், டிராவல்ஸ் வைத்திருப்பவர்கள், "மிலிட்டரிக்காரர் வந்தால் நாங்கள் என்ன செய்யணும்" என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சீருடையில் யாரும் எங்கள் கடைக்கு வந்ததே இல்லையே. அப்படியிருக்க இந்தக் கேள்வியெல்லாம் எதற்கு?

உங்கள் கடைக்கு அவர்கள் வந்திருப்பார்கள், உங்களுக்குத்தான் தெரிந்திருக்காது. நம் நாட்டில் லீவில் இருக்கும் ஜவான் சீருடை போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவதில்லை. சீருடை வேலைக்கான உடுப்பு. பதற்றமான பகுதிகளில் தனியாகப் பயணம் செய்பவருக்கு அதை மறைத்து வைப்பதுதான் பாதுகாப்பும்கூட. சாதாரண பேண்ட் சட்டை, ஒட்ட வெட்டிய முடி, முதுகில் பச்சைப் பை, பெரும்பாலும் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி. பெட்டி மேல் வெள்ளைப் பெயின்ட்டில் பெயரும் நம்பரும் இருக்கும். காட்பாடி ஸ்டேஷனில் விடியற்காலை இறங்குகிறவர்களைப் பார்த்தால் தெரியும்.

வெலிங்டன், பரங்கிமலை, ஆவடி, சூலூர், அரக்கோணம் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் சீருடையையே தினமும் பார்ப்பார்கள். குன்னூர் மார்க்கெட்டில் போய் நின்றால் கடைக்காரரும் ஜவானும் பேசிக்கொள்வதிலேயே ஒரு பழக்கம் தெரியும். மற்ற ஊர்களில் அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே ஒருவரை மிலிட்டரிக்காரர் என்று காட்டுவது அவருடைய அடையாள அட்டைதான். அந்த அட்டையை நீட்டும்போது கல்லாவில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சீருடையில் வந்தவரிடம் அடையாள அட்டை கேட்டால் அவமரியாதை ஆகுமா?

ஆகாது. சலுகை கொடுக்கும் இடம், உள்ளே விடும் இடம் என்றால் கேட்கத்தான் வேண்டும். 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடுப்பில்தான் வந்தார்கள். அதன் பிறகு, பொதுமக்கள் ராணுவ உடுப்பு போட வேண்டாம், கடைகளில் விற்க வேண்டாம் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது. உண்மையான ஜவானுக்குத் தன் முகாம் கேட்டிலேயே தினமும் அட்டை காட்டிப் பழக்கம். ஒருமுறை காட்டச் சொன்னால் அவர் முகம் சுளிக்க மாட்டார்.

மனசு நோவது கேட்கும் விதத்தில்தான். "நிஜமாவே மிலிட்டரியா?" என்று வரிசையில் பத்துப் பேர் பார்க்கக் கேட்பது ஒரு விதம். "கார்டு கொஞ்சம் காட்டுங்க சார், பதிவு பண்ணிக்கிறேன்" என்பது இன்னொரு விதம். அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். அதை போட்டோ எடுக்க வேண்டாம், ஜெராக்ஸ் கேட்க வேண்டாம். அது ராணுவத்தின் ஆவணம். அதன் நகல் வெளியே சுற்றினால் மாட்டிக்கொள்வது அவர்தான்.

அப்புறம், படைவீரர் அல்லாத ஒருவர் தன்னைப் படைவீரர் என்று நம்ப வைக்கும் நோக்கத்தில் அந்த உடுப்பைப் போடுவது குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 140-ஆம் பிரிவு. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 168-ஆம் பிரிவு. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

துணிக்கடையில் மிலிட்டரி டிசைன் பேண்ட் விற்கலாமா?

பொதுவான பச்சைப் புள்ளி டிசைன் துணி எங்கும் விற்கிறது. ஆனால் 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று அறிமுகமான புதிய போர்ச் சீருடையின் டிசைன் ராணுவத்தின் பெயரில் பதிவு செய்யப்பட்டது. அனுமதி இல்லாமல் அதைத் தைப்பதும் விற்பதும் சட்டப்படி தவறு. என் அபிப்பிராயம், பழைய டிசைனையும் விட்டுவிடுங்கள் என்பதுதான். அதை விற்றுக் கிடைக்கும் லாபம் பெரிதாக இருக்காது.

செக்யூரிட்டி ஏஜென்சி நடத்துகிறவர்களுக்கு இது இன்னும் கறார். காவலாளிக்கு முப்படை, போலீஸ் உடுப்பு போலத் தெரியும் சீருடை கொடுத்தால், 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி காவலாளிக்கும் முதலாளிக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு.

டோல்கேட்டில் மிலிட்டரிக்காரர் பணம் கட்ட வேண்டுமா, வேண்டாமா?

இதில்தான் சண்டை அதிகம். இரண்டு பக்கமும் பாதிதான் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

அடிப்படை 1901-ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத்துக்குச் சுங்க விலக்கு கொடுக்கப் போட்டது. அதை 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளும் ஏற்கின்றன. ராணுவ வண்டிக்குக் கட்டணம் இல்லை. அதே விதிகளில், அலுவல் வேலையாகப் போகும் துணை ராணுவம், போலீஸ் வண்டிகளுக்கும் விலக்கு உண்டு. பரம்வீர் சக்ரா, அசோக் சக்ரா முதல் வீர் சக்ரா, சௌர்ய சக்ரா வரை வாங்கியவர்களுக்கு, அதற்கான படத்துடன் கூடிய அடையாள அட்டையைக் காட்டினால், விலக்கு உண்டு.

தகராறு வருவது சொந்தக் காரில். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் நிலைப்பாடு இதுதான்: படைவீரர் பணியில் இருக்கும்போதுதான் விலக்கு. ஓய்வு பெற்றவருக்கு இல்லை. லீவில் குடும்பத்தோடு திருப்பதி போகும்போது அட்டையைக் காட்டி விலக்கு கேட்பது சரியில்லை. இதை எங்கள் ஊர்ப் பையன்களிடம் நான் நேராகவே சொல்வேன். பணி ஆணையோடு போகிறவர் என்றால் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருங்கள். அட்டை மட்டும் போதாது.

ஆனால் கட்டணம் உண்டா இல்லையா என்பது வேறு, மனிதரை நடத்தும் விதம் வேறு. 2025 ஆகஸ்டில் உத்தரப்பிரதேசம் மீரட் பக்கம் பூனி டோல்கேட்டில், லீவு முடிந்து ஸ்ரீநகரில் பணிக்குத் திரும்ப விமானம் பிடிக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு ஜவானை, வரிசை தாமதமானதைக் கேட்டதற்காக, ஊழியர்கள் கம்பத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். அந்த வீடியோவை நாடே பார்த்தது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் வசூல் நிறுவனத்துக்கு 20 லட்சம் ரூபாய் அபராதம் போட்டு, ஒப்பந்தத்தை ரத்து செய்யும் நடவடிக்கையும் எடுத்தது. நான் அந்த வீடியோவை முழுசாகப் பார்க்கவில்லை. அண்ணனும் அதே மாதிரி லீவு முடிந்து போகிறவர்தான்.

லீவு முடிந்து திரும்புகிறவருக்கு நேரம் என்பது சாதாரண விஷயம் இல்லை. குறித்த நாளில் ரிப்போர்ட் பண்ணாவிட்டால் ராணுவச் சட்டப்படி அது குற்றம். டோல், பஸ், டாக்ஸி எதுவாக இருந்தாலும், "திரும்பப் போகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அந்த அவசரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

விமான டிக்கெட்டில் ராணுவச் சலுகை எப்படி? கவுன்டரில் ஏன் சிக்கல் வருகிறது?

பெரிய விமான நிறுவனங்களின் தளங்களில், முன்பதிவு செய்யும்போதே 'ராணுவத்தினர்' என்று ஒரு கட்டண வகை இருக்கும். மாணவர், மூத்த குடிமக்கள் வகைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதைத் தேர்வு செய்தால் அடிப்படைக் கட்டணத்தில் குறையும். வரிகளில் குறையாது. அதனால் கடைசித் தொகையில் நீங்கள் நினைத்த அளவு குறைவு தெரியாது. சில நேரம் பொது ஆஃபர் இதைவிட மலிவாக இருக்கும். நான் எப்போதும் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பேன்.

சிக்கல் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, தெரியாத ஏஜென்ட் சொந்தக்காரர் எல்லாருக்கும் அந்த வகையில் டிக்கெட் போட்டு விடுவார். விமான நிலையத்தில் அட்டை கேட்பார்கள். இல்லையென்றால் முழுக் கட்டணத்தின் வித்தியாசத்தைக் கட்டு என்பார்கள், அல்லது ஏற்றவே மாட்டார்கள். மனைவி, பிள்ளைகளுக்குச் சலுகை உண்டா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. உண்டு என்றால் அவர்களுக்கான சார்ந்தோர் அட்டை கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, லீவு ரத்து. ஜவானுக்கு லீவு என்பது ஒரு போன் வந்தால் போய்விடும். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் சமயத்தில், என் சென்டரில் போட்டிருந்த டிக்கெட்டுகளில் பாதிக்கு மேல் தேதி மாற்ற வேண்டியதாயிற்று. அப்போது ஏர் இந்தியா, ராணுவச் சலுகைக் கட்டணத்தில் எடுத்த டிக்கெட்டுகளை ரத்து செய்தால் முழுப் பணமும் திருப்பித் தருவதாகவும், ஒருமுறை தேதி மாற்றக் கட்டணம் இல்லை என்றும், ஜூன் 30 வரையிலான பயணங்களுக்கு அறிவித்தது. ஒரு நிறுவனம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன். முந்நூறு ரூபாய் தள்ளுபடியைவிட, "உங்களைக் கூப்பிட்டுவிட்டார்களா, போய் வாருங்கள், பணம் எங்கும் போகாது" என்பது அந்தக் குடும்பத்துக்குப் பல மடங்கு பெரிசு.

உங்களுடையது சின்ன டிராவல்ஸ், லாட்ஜ், கல்யாண மண்டபம் என்றாலும் இதைச் செய்யலாம். மாப்பிள்ளை மிலிட்டரியில் இருந்தால், தேதி மாறினால் அட்வான்ஸ் பிடிக்க மாட்டோம் என்று ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். எங்கள் பக்கம் ஒரு மண்டபக்காரர் பல வருடமாக அப்படித்தான் செய்கிறார். அவர் மண்டபம் முகூர்த்த நாளில் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.

ரயிலில்?

ஜவான்கள் ரயிலில் வாரண்ட் காட்டிப் போவதுண்டு. வாரண்ட் என்பது பணத்துக்குப் பதில் ரயில்வே ஏற்கும் அரசு ஆவணம். இப்போது பெரும்பாலும் யூனிட்டிலேயே பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் பயண முறையில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து விடுகிறார்கள். சலுகை வவுச்சரில் பாதி அளவு கட்டணத்தில் போகிறவர்களும் உண்டு. பெரிய ஸ்டேஷன்களில் எம்.சி.ஓ. என்று ராணுவத்தின் போக்குவரத்து அலுவலகம் இருக்கிறது, சென்னை சென்ட்ரலிலும் உண்டு. ராணுவ ஒதுக்கீட்டு சீட் விஷயமெல்லாம் அங்கேதான் கேட்க வேண்டும். என் மாதிரி சென்டரில் அது நடக்காது.

கவுன்டரும் டிக்கெட்டும் ஒரு பக்கம் இருக்கட்டும். காட்பாடியிலிருந்து ஜம்மு போய்ச்சேர இரண்டு நாளுக்கு மேல் ஆகும். திடீர் லீவில் வருகிறவருக்கு கன்ஃபர்ம் டிக்கெட் கிடைக்காது. கழிவறைக்குப் பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து நாக்பூர் வரை வந்த கதையை அப்பா சொல்லியிருக்கிறார். அன்று பேன்ட்ரி ஊழியர் ஒருவர், பேரே தெரியாதவர், ராத்திரி தன் ஷிப்ட் முடிந்ததும் படுக்கும் இடத்தை இவருக்குக் கொடுத்துவிட்டு வெளியே நின்றாராம். முப்பது வருடம் ஆகியும் அப்பா அவர் போட்டிருந்த சட்டை நிறத்தைச் சொல்கிறார்.

ஆன்லைனில் பொருள் வாங்கினால் '56 ஏபிஓ' முகவரிக்கு ஏன் டெலிவரி ஆவதில்லை?

எனக்கு மிகவும் ஆதங்கமான விஷயம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

களத்தில் இருக்கும் ஜவானுக்கு ஊர் பெயரோடு முகவரி கிடையாது. பெயர், நம்பர், ரேங்க், யூனிட், அப்புறம் '56 ஏபிஓ' அல்லது '99 ஏபிஓ' என்று மட்டும் எழுத வேண்டும். ஏபிஓ என்றால் ராணுவ அஞ்சல் அலுவலகம். அந்த யூனிட் லடாக்கில் இருக்கிறதா ராஜஸ்தானில் இருக்கிறதா என்பது வெளியே தெரியக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ராணுவ அஞ்சலின் பின்கோடுகள் எல்லாம் 9-ல் தொடங்கும். 9-ல் தொடங்கும் பின்கோடு வேறு எந்த மாநிலத்துக்கும் இல்லை. தபால்துறை அதை ராணுவ அஞ்சல் படையிடம் ஒப்படைக்கும், அவர்கள் யூனிட் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். தனியார் கூரியரால் அங்கே போக முடியாது. அது அவர்கள் குற்றம் இல்லை.

குற்றம் என்று நான் சொல்வது படிவத்தை. பின்கோடு போட்டால் "தவறான பின்கோடு" என்று சிவப்பில் காட்டும். மாநிலம் கட்டாயம் என்று நிற்கும். மாவட்டம் கேட்கும். வங்கி, இன்சூரன்ஸ், சிம் கார்டு, மொபைல் ஆப், பரீட்சை விண்ணப்பம், எங்கே போனாலும் இதே கதை. ஒரு கடன் அட்டை விண்ணப்பத்தில் அண்ணனுடைய முகவரியை வாடிக்கையாளர் சேவைக்காரர் மூன்று முறை கேட்டுவிட்டு, "இது முழுமையான முகவரி இல்லை, நிராகரிக்கப்பட்டது" என்று சொன்னார். எங்கே இருக்கிறார் என்று ஊர் பெயரைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தினார். சொல்லக் கூடாது என்பதைப் புரிய வைக்க என்னால் முடியவில்லை.

இணையத்தில் விற்கிறவர்கள் செய்ய வேண்டியது இரண்டே. 9-ல் தொடங்கும் பின்கோட்டை ஏற்கும்படி படிவத்தை மாற்றச் சொல்லுங்கள், மாநிலப் பட்டியலில் 'ராணுவ அஞ்சல்' என்று ஒரு வரி சேருங்கள். அந்த பார்சல்களை மட்டும் தபாலில் அனுப்புங்கள். ராக்கி, பொங்கல் சமயத்தில் யூனிட்டுக்கு ஒரு பார்சல் வந்தால் அதை எத்தனை பேர் சேர்ந்து பிரிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்த வேலையை இன்றைக்கே முடித்துவிடுவீர்கள். அண்ணன் யூனிட்டுக்கு அம்மா அனுப்பிய முறுக்கு தூளாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதையும் டீயில் போட்டுச் சாப்பிட்டார்களாம்.

வங்கிக் கடன், தவணை பாக்கி விஷயத்தில் ஜவானுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் கடனே கட்ட வேண்டாம் என்பது அல்ல.

1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி, ஜவானின் சம்பளத்தையும் படிகளையும், அவரது ஆயுதம், உடுப்பு, தளவாடங்களையும் சிவில் கோர்ட் ஜப்தி செய்ய முடியாது. 29-ஆம் பிரிவுப்படி, கடனுக்காக அவரைக் கைது செய்ய முடியாது. அவர் போர்க்களத்திலோ விசேஷப் பணி நிலையிலோ இருக்கும்போது, ஊரில் சொத்து வழக்கு நடந்தால், 1925-ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டப்படி விசாரணையைத் தள்ளி வைக்கக் கேட்கலாம். இது தெரியாமல் நிலத் தகராறில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கி நிற்கிற குடும்பங்கள் உண்டு. வக்கீலிடம் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வசூல் ஏஜென்ட்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி எல்லாருக்குமே வைத்திருக்கும் விதி. போன் எடுக்கவில்லை என்பதற்காக ஜவானின் வயதான பெற்றோர் வீட்டு வாசலில் போய் நின்று கத்துவது அநியாயம். எடுக்காததற்குக் காரணம் பெரும்பாலும் சிக்னல் இல்லாததுதான்.

கேன்டீன் பொருளைக் கடையில் வாங்கி விற்கலாமா?

கூடாது. சி.எஸ்.டி. என்ற படைவீரர் கேன்டீன் துறை 1948-லிருந்து பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. வரிச் சலுகையோடு வருகிற பொருள் அது, கார்டுதாரரின் வீட்டு உபயோகத்துக்கு மட்டும். சரக்கு பாட்டில் கேட்டு ஜவானைத் தொல்லை செய்யும் சொந்தக்காரர்களுக்கும் இதே பதில்தான். மாட்டினால் போவது அவருடைய கார்டு.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். காரர்களுக்கும் இதெல்லாம் உண்டா?

அவர்கள் துணை ராணுவம், உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறவர்கள். சட்டம் வேறு, கேன்டீன் வேறு, பென்ஷன் வேறு. சலுகை அறிவிக்கும் பல நிறுவனங்கள் ராணுவம், கடற்படை, விமானப்படை என்று மட்டும் எழுதி விட்டுவிடுகின்றன. 2019 பிப்ரவரியில் புல்வாமாவில் 40 பேர் உயிரிழந்தது சி.ஆர்.பி.எஃப். வண்டியில்தான். அதில் தூத்துக்குடி, அரியலூர் மாவட்டத்துக்காரர்களும் இருந்தார்கள். அதன் பிறகுதான் டெல்லி, ஜம்மு, ஸ்ரீநகர் இடையே எல்லாப் படிநிலை வீரர்களும் விமானத்தில் போக அரசு அனுமதித்தது. நீங்கள் உங்கள் கடையில் சலுகை வைத்தால் அவர்களையும் சேர்த்தே எழுதுங்கள். இதை யாரும் உங்களுக்குக் கட்டாயப்படுத்த முடியாது. நான் கேட்டுக்கொள்கிறேன்.

என் ஓட்டலில் ஜவான் சாப்பிட்டால் பணம் வாங்காமல் விடலாமா?

மனசு நல்லதுதான். ஆனால் அப்பா சொல்வதைக் கேளுங்கள்: "காசு வாங்காத கடைக்கு மறுநாள் போக எனக்குக் கூச்சமா இருக்கும்." சம்பளம் வாங்குகிறவர் தன் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்க விரும்புவார். கொடுக்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமலே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுங்கள். பஸ் வரும் வரை அந்த டிரங்குப் பெட்டியைக் கல்லாவுக்குப் பின்னால் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். போனுக்கு சார்ஜ் போட ஒரு பிளக் காட்டுங்கள். விடியற்காலை நாலு மணிக்கு ஊர் பஸ் இல்லாமல் நிற்கிறவருக்கு உட்கார ஒரு பெஞ்ச் கொடுங்கள்.

தள்ளுபடி வைப்பது என்றால் எவ்வளவு, யாருக்கு, எந்த அட்டை என்பதைச் சுவரில் தெளிவாக எழுதி ஒட்டிவிடுங்கள், வருடம் முழுக்கக் கொடுங்கள். ஆகஸ்ட் 15 அன்று மட்டும் பேனர் கட்டிவிட்டு, 16-ஆம் தேதி வந்தவரிடம் "அதெல்லாம் முடிஞ்சுது" என்பதைவிட, ஒன்றும் அறிவிக்காமலே இருப்பது மேல். வேலைக்கு இருக்கும் பையனுக்கும் சொல்லி வையுங்கள். முதலாளி கொடுத்த வாக்கு கல்லாவில் இருப்பவருக்குத் தெரியாமல் போவதால்தான் பாதி மனக்கசப்பு.

வெளிநாட்டில் இதைவிட மரியாதை அதிகமாமே?

வித்தியாசமாக இருக்கிறது. அமெரிக்காவில் பணியில் இருக்கும் ராணுவத்தினரை விமானத்தில் முன்கூட்டியே ஏறச் சொல்வார்கள். நவம்பர் 11 படைவீரர் தினத்தில் பல உணவகங்களில் இலவசச் சாப்பாடு. பார்க்க நன்றாக இருக்கும். எனக்கு அதைவிடப் பிடித்தது அங்கே இருக்கும் ஒரு சட்டம்தான். 2003-ல் இன்றைய வடிவத்துக்கு வந்த அந்தச் சட்டப்படி, ராணுவப் பணிக்குப் போகும் முன் வாங்கிய கடனுக்கு, பணியில் இருக்கும் காலத்தில் 6 சதவீதத்துக்கு மேல் வட்டி போட முடியாது. இடமாற்ற உத்தரவு வந்தால் வாடகை ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம், அதற்குத் தண்டத்தொகை கிடையாது.

எங்கும் அப்படியே இருந்ததும் இல்லை. 2008-ல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில், சீருடையில் போனவர்களைச் சிலர் ஏசியதால், பக்கத்து விமானப்படைத் தளத்தினரை ஊருக்குள் சீருடையில் போக வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

பட்டாளத்திலிருந்து வந்தவரை வேலைக்கு எடுக்க நினைக்கிறேன். செக்யூரிட்டி வேலைதான் சரியா?

அதை மட்டும் நினைக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். முப்பத்தைந்து, நாற்பது வயதில் வெளியே வரும் ஒருவர் ரேடியோ கருவிகள் பழுதுபார்த்திருப்பார், கனரக வண்டி ஓட்டியிருப்பார், ஸ்டோர் கணக்குப் பார்த்திருப்பார், நூறு பேருக்குச் சமையல் நடத்தியிருப்பார். பேட்டியில் "கேட்ல நிக்கிறீங்களா" என்று கேட்பதற்கு முன் "யூனிட்ல என்ன டிரேடு" என்று கேளுங்கள். காவல் பணிக்கே ஆள் வேண்டும் என்றால் 1986-லிருந்து இயங்கும் டெக்ஸ்கோ என்ற தமிழ்நாடு அரசின் முன்னாள் படைவீரர் கழகம் இருக்கிறது, அவர்கள் மூலம் எடுங்கள்.

அக்னிபத் திட்டத்தில் நாலு வருடப் பணிக்குச் சேர்ந்த அக்னிவீரர்களின் முதல் அணி அதை முடிப்பது 2026 கடைசி வாக்கில். அதில் நிரந்தரமாக எடுப்பது 25 சதவீதம் வரைதான். மற்றவர்கள் இருபத்தேழு வயதுக்குள் ஊர் திரும்புவார்கள். திட்டம் வந்த 2022-ல் பெரிய நிறுவனத் தலைவர்கள் வேலை தருவோம் என்று சொன்னார்கள். அந்த வார்த்தையைக் காப்பாற்ற வேண்டிய நேரம் இதுதான்.

வேறு வேலையில் இருந்துகொண்டே சேரக்கூடிய பிராந்திய ராணுவத்தில் (டெரிடோரியல் ஆர்மி) உங்கள் ஊழியர் உறுப்பினராக இருந்து, பணிக்கு அழைக்கப்பட்டால், திரும்பி வரும்போது அவருடைய வேலையை அவருக்கே கொடுக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கொடுக்காவிட்டால் ஆறு மாதச் சம்பளம் வரை இழப்பீடு கட்டச் சொல்லலாம்.

ஒரு நிறுவனம் மோசமாக நடத்தினால் எங்கே புகார் செய்வது?

டோல்கேட் என்றால் 1033. ரயில் என்றால் 139. கடை, இணைய வணிகம், விமான நிறுவனம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் இருக்கிறது. பணியில் இருப்பவரின் குடும்பமும் அங்கே போகலாம். வீடியோ எடுத்துப் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பணியில் இருக்கும் ஜவான் சமூக ஊடகத்தில் பேசினால் அவருக்கே யூனிட்டில் கேள்வி வரும்.

அவர் ஊரில் இல்லாதபோது மனைவி கடைக்கோ வங்கிக்கோ வந்தால், ஓடிபி இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்கிறார்களே?

இந்தக் கேள்வியோடு வாரம் ஒருவராவது என் சென்டர் படி ஏறுகிறார்கள். மற்ற மாநிலத்து ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. அங்கே போய் இறங்கியவுடன் தமிழ்நாட்டு நம்பர் செத்துவிடும். கேஸ் பதிவு, வங்கிக் கணக்கு, பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ் என்று அந்த நம்பரோடு இணைத்த எல்லாமே நின்றுவிடும். "அவரை நேரில் வரச் சொல்லுங்க" என்று கவுன்டரில் சொல்வார்கள். அவர் வருவதற்கு எட்டு மாதம் ஆகும்.

வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது: கிளம்புவதற்கு முன்பே நம்பரை போஸ்ட்பெய்டுக்கு மாற்றுங்கள். சம்பளக் கணக்கோடு சேர்த்து, இருவரில் ஒருவர் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். கேஸ், பள்ளி, இன்சூரன்ஸில் மனைவியின் நம்பரைக் கொடுங்கள்.

கவுன்டரில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது: அந்தப் பெண் கையில் சார்ந்தோர் அட்டை இருக்கும். அதை வாங்கிப் பாருங்கள். சட்டப்படி உங்களால் முடியாதது என்றால் முடியாது என்று தெளிவாகச் சொல்லுங்கள், என்ன காகிதம் கொண்டுவந்தால் முடியும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். போன மாதம் ஒரு பெண், கைக்குழந்தையோடு, ஒரே வேலைக்கு நாலாவது முறையாக ஓர் அலுவலகத்துக்குப் போய்விட்டு என்னிடம் வந்தார். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காகிதம் கேட்டிருக்கிறார்கள். அன்று ராத்திரி அவருடைய கணவர் யூனிட் போனிலிருந்து பேச ஐந்து நிமிடம் கிடைத்திருக்கிறது. அந்த ஐந்து நிமிடமும் எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று கேட்பதிலேயே போய்விட்டது என்றார்.